போல்ட்டுக்கு ஒரு சாக்கு

இயேசு மரி சூசை துணை

ஓசூர்,
புதன்கிழமை, மதியம்.

மதிப்பும் பாசமும் மிகுந்த மச்சான் சவரியப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை மேரிராணியின் கணவன் இன்னாசிமுத்து பணிவுடன் எழுதுவது. தேன்கனிக்கோட்டையில் தாங்களும், வீட்டில் உள்ளவர்களும், ராகிக் காடும், யானை மிதித்தது போக மீதி நிற்கும் தக்காளியும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே நான் சுகம். உங்கள் தங்கை என்னைவிடச் சுகம். சுகமில்லாமல் இருப்பது ஒரே ஒரு ஜீவன்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும், விழக்கூடாது, அதனால்தான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டரை மாத டெரியர் நாய்க்குட்டி ஒன்று இருக்கிறது. பெயர் போல்ட்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை மேரிராணி இரண்டாம் பூசைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து நீங்கள் உங்கள் குட்டி யானை வண்டியில் வந்து அதை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். காரணம் ஒன்றுதான். நான் சோறு வைத்தால் அது சாப்பிடுவதில்லை. நாளுக்கு நாள் மெலிகிறது. என் கையில் அது போய்ச் சேர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது மச்சான்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், நான் சிப்காட்டில் போல்ட்டும் நட்டும் செய்கிற கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் தரப் பரிசோதகனாக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. பரிசோதிக்க ஒன்றும் கிடைக்காமல் ஒருநாள் உங்கள் தங்கை சுட்ட தோசைகளின் விட்டத்தை வெர்னியர் கருவியால் அளந்து, மூன்றாவது தோசை ரிஜெக்ட் என்று தனியாக எடுத்து வைத்தேன். அதில் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. புனேயில் இருக்கிற மகள் வின்சிக்குச் செய்தி போய், அவள் போன் போட்டு, "அப்பா, நீங்க ஒரு நாய்க்குட்டி வாங்குங்க. டெரியரா வாங்குங்க, ஓடிக்கிட்டே இருக்கும். அது பின்னாடி நீங்களும் ஓடினா உங்க சுகர் கொறையும், அம்மாவும் பொழச்சுக்குவாங்க" என்றாள். நான் உடனே பக்கத்து வீட்டு மாரம்மாவிடம், வீட்டுக்கு டெரியர் வரப்போகிறது என்று பெருமையாகச் சொன்னேன். அந்தம்மா வீட்டுக்குள் கன்னடம், வீதியில் தெலுங்கு, எங்களிடம் தமிழ் பேசுகிறவர். "கேரியர் தானேங்க? மறந்தே போயிட்டேன்" என்று போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிப்போன டிபன் கேரியரைத் துலக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நாய் வருவதற்கு முன்பே எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

வருகைக்கு நான் செய்த ஏற்பாட்டைப் பார்த்தால் கம்பெனி ஆடிட்டரே கைகொடுத்துவிட்டுப் போவார். கூடத்து மூலையில் மஞ்சள் டேப் ஒட்டி ஒரு சதுரம். சதுரத்துக்குள் போன பொங்கலுக்கு நீங்கள் ராகி அனுப்பிய சாக்கு, துவைத்துக் காயவைத்து நான்காக மடித்தது. சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை: 'உணவு இடம்'. செருப்பு வைக்கும் இடத்தில் இன்னொரு அட்டை: 'தொடக்கூடாது'. "நாய்க்குப் படிக்கத் தெரியுமா?" என்று உங்கள் தங்கை கேட்டாள். கம்பெனியில் மட்டும் யார் படித்தார்கள், ஆனாலும் அட்டை என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? வின்சி ஒரு விதியும் சொல்லியிருந்தாள். ஒரு காரியத்துக்கு ஒரே வார்த்தை, தினமும் அதே வார்த்தை, மாற்றவே கூடாது. அப்போதுதான் குட்டி பழகுமாம். நான் யோசித்து, சாப்பாட்டு நேரத்துக்கு 'சாக்கு' என்ற வார்த்தையை முடிவு செய்தேன். சாக்கின் மேல் நின்று சாப்பிட வேண்டும், தரையை அசிங்கம் பண்ணக்கூடாது, அதற்காக. செயல்முறை அட்டையில் எழுதி, தட்டு வைத்ததும் 'சாக்கு' என்று மூன்று முறை தெளிவாகச் சொல்லவும் என்று கையெழுத்தும் போட்டேன்.

குட்டியை வாங்கியது எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல் அருகே ஒரு தோட்டத்தில், சாந்தம்மா என்பவரிடம். ஏழு குட்டிகளும் ஒரே தாம்பாளத்தில் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தன. அந்தம்மா குட்டி வளர்ப்பைப் பற்றி அரை மணி நேரம் கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். கம்பெனி பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கன்னடம் பேசியவனுக்கு இதெல்லாம் புதிதா? நானும் 'கொத்து, கொத்து' என்று, அதாவது தெரியும் தெரியும் என்று, தலையாட்டிக்கொண்டே குட்டியின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு காது மச்சான், ஒன்று நிற்கிறது, ஒன்று மடிந்திருக்கிறது. கம்பெனியாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இதை மடியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்த அன்றே தரப் பரிசோதனை. வால் நீளத்தை அளக்கலாம் என்று வெர்னியரை எடுத்தேன். டெரியருக்கும் வெர்னியருக்கும் ஆகவில்லை. முப்பத்தோரு வருஷம் என்னோடு இருந்த கருவி, இப்போது அதன் பெட்டியில் பல் தடம்தான் மிச்சம், கருவி கட்டிலுக்கு அடியில் எங்கேயோ. அடுத்த நாள் தோட்டத்தில் தோண்ட ஆரம்பித்தது. ரோஜாச் செடி போனது, கறிவேப்பிலை சாய்ந்தது. சனிக்கிழமை வீடு மந்திரிக்கப் பங்குச்சாமியார் வந்திருந்தார். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வாசலுக்கு வரவும், போல்ட்டு கறிவேப்பிலை வேருக்கு அடியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்து வாலை ஆட்டவும் சரியாக இருந்தது. டப்பாவுக்குள் என்ன இருந்தது என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். தவக்காலத்தில் நான் விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்த அதே சிகரெட்டு. சாமியார் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, அதற்கும் ரெண்டு சொட்டு தெளித்துவிட்டுப் போனார். உங்கள் தங்கை அன்று பார்த்த பார்வையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். சாப்பாடுதான் பொறுக்க முடியவில்லை. காலை வேளை உங்கள் தங்கை வைப்பாள். அவள் அட்டையை மதிப்பதே இல்லை. தட்டை டொக்கென்று வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தையல் சென்டருக்குக் கிளம்பிவிடுவாள். தட்டு கழுவி வைத்த மாதிரி ஆகிவிடும். மீதி மூன்று வேளையும் என் பொறுப்பு. நான் தட்டை வைப்பேன், ஓடி வரும், ரெண்டு வாய் அள்ளும். நான் அட்டையில் உள்ளபடி, "போல்ட்டு, சாக்கு! சாக்கு! சாக்கு!" என்பேன். அவ்வளவுதான். வாயை எடுத்துக்கொண்டு, பின்னால் நகர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்க்கும். "தின்னுடா ராஜா, சாக்கு மேலதான வெச்சிருக்கேன், சாக்கு, சாக்கு" என்று நான் கெஞ்சக் கெஞ்ச, அது சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடும். வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது, ஆனால் சாப்பிடாது.

மேரிராணியிடம் சொல்ல வெட்கம். மிச்சத்தைக் கேட்டுக்கு வெளியே தெரு நாய்களுக்குக் கொட்டிவிட்டு, பதிவேட்டில் 'சாப்பிட்டது' என்று குறித்துவிடுகிறேன். வாழ்க்கையில் நான் எழுதிய முதல் பொய் ரிப்போர்ட் இதுதான் மச்சான். தெரு நாய்கள் மூன்றும் கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிட்டன. போல்ட்டுக்கு விலா எலும்பு தெரிகிறது. நேற்று யாருக்கும் தெரியாமல் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நோய் ஒண்ணும் இல்லீங்க. எடைதான் கொறைஞ்சிருக்குது. வயித்துக்குச் சரியாப் போடறீங்களா?" என்று கேட்டார். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கம்பெனியில் ஒரு கோளாறு வந்தால் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டு மூலகாரணம் கண்டுபிடிப்போம். உட்கார்ந்து எழுதினேன். ஏன் மெலிகிறது? சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை? நான் வைக்கிறேன். ஏன் நான் வைத்தால் இல்லை? என்னைப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை? நான் ஓயாமல் குறை பார்க்கிறவன். ஏன் அப்படி? ஐந்தாவது ஏனுக்கு என் முகம்தான் பதிலாக வந்து நின்றது. முப்பத்தோரு வருஷம் ஆயிரக்கணக்கான போல்ட்டைத் தள்ளுபடி செய்தேன். இப்போது ஒரு போல்ட்டு என்னைத் தள்ளுபடி செய்துவிட்டது. சிரிக்காதீர்கள். மனசு வலிக்கிறது.

ஆகவே தயவுசெய்து ஞாயிறு எட்டரைக்கு வந்துவிடுங்கள். கயிறு, தட்டு, அட்டைகள் எல்லாம் மூட்டை கட்டி வைக்கிறேன். காது மடிந்த பக்கம் சொறிந்தால் தூங்கிவிடும், அதை மறக்காமல் செய்யவும். தாங்களும் தங்கள் குடும்பமும் சகல ஆசீரும் பெற்று, யானை கண்ணில் படாமல் வாழ மாதாவை மன்றாடும்,

தங்கள் அன்பு மச்சான்,
இன்னாசிமுத்து.

பின்குறிப்பு: புதன் மாலை ஐந்தரை. மச்சான், வராதீர்கள். வந்தாலும் நாயைக் கேட்காதீர்கள். தட்டை வைத்துவிட்டு, இந்தக் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் ஒளிக்கிற அவசரத்தில் 'சாக்கு' சொல்ல மறந்துவிட்டேன். போல்ட்டு தின்றுகொண்டிருந்தது. அந்த நேரம் மாரம்மா கிண்ணத்தோடு வந்தார். உங்கள் தங்கை சாம்பார் ஊற்ற, அந்தம்மா கையை மறித்து, "சாக்கு சாக்கு, சாக்கம்மா!" என்றார். போல்ட்டு வாயை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது. "பாத்தியா, இப்படித்தான் மூணு வேளையும் பண்ணுது!" என்று என்னை அறியாமல் கத்தி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாரம்மா சிரித்த சிரிப்பில் சாம்பார் பாதி தரையில். "அண்ணா, அது கன்னடத்து நாயிங்க. கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அர்த்தங்க. நீங்க போதும் போதும்னா அது எப்படிங்க திங்கும்?" என்றார். சாந்தம்மாவுக்குப் போன் போட்டேன். ஏழும் முட்டி மோதித் தின்னும்போது 'சாக்கு' என்றால் விலகி உட்காரப் பழக்கியிருந்தாராம். அன்றைக்கே அதைச் சொன்னாராம், நான் தெரியும் என்றேனாம். எனக்குத் தெரியாத வார்த்தையா மச்சான் அது? எத்தனை கன்னடத்துக் கல்யாணப் பந்தியில் நானே இலைமேல் கையை மறித்து 'சாக்கு, சாக்கு' என்று சொல்லியிருக்கிறேன்! ரெண்டு பாஷை தெரிந்தவன் நான் பட்டினி போட்டேன், ஒரு பாஷை தெரிந்த அது சொன்னபடி பட்டினி கிடந்தது. இவ்வளவு பசியிலும் என் வார்த்தையைத் தட்டாத பிள்ளை. வாயை மூடிக்கொண்டு மறுபடி வைத்தேன். தட்டை நக்கி, தட்டுக்கு அடியில் இருந்த சாக்கை நக்கி, கடைசியில் என் கையையும் நக்கியது. அழுதுவிட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இனி எங்கள் வீட்டில் அந்தச் சாக்கின் பெயர் கோணி. அட்டையை மாற்றிவிட்டேன்.

இன்னொரு பின்குறிப்பு, மேரிராணி எழுதுவது: அண்ணா, ஒட்டித் தபாலில் போடச் சொல்லி இவர் என்னிடமே கொடுத்தார், படித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ அவசியம் வா, நாட்டுக்கோழி எடுக்கிறேன். இவர் குழம்பில் குறை சொல்ல ஆரம்பித்தால் நீ ஒன்றும் பேச வேண்டாம், 'சாக்கு' என்று மட்டும் சொல். சாயந்திரத்திலிருந்து நான்கு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். இவரும் உடனே நிறுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்.