ஒன்ஸ்மோர் அக்கா மலை ஏறிய ஞாயிற்றுக்கிழமை

எழுபதுகளின் கடைசியில் போடிநாயக்கனூரில் மேடையேறிய எந்தப் பாடகரும் ஒரு பெண்ணுக்குப் பயப்படாமல் பாடியதில்லை. அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஒன்ஸ்மோர் அக்கா, அவ்வளவுதான்.

ஏலக்காயைத் தரம் பிரித்துச் சேமிக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்கும் பெண்களில் அவரும் ஒருவர். நான் அங்கே மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் எந்தத் திடலில் கச்சேரி என்றாலும் அக்கா முதல் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். பாட்டு பிடித்துவிட்டால் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "ஒன்ஸ்மோர்!" என்பார். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. ஒரு கல்யாணக் கச்சேரியில் ஒரே பாட்டை நான்கு முறை பாட வைத்ததில் பந்தியில் சாம்பார் ஆறிப்போய், மாப்பிள்ளை வீட்டார் முறுக்கிக்கொண்டார்கள். இன்னொரு கச்சேரியில் பாடகர் இவரைப் பார்த்ததுமே மைக்கில் கும்பிட்டார்: "அக்கா, தொண்டை கட்டியிருக்கு. இன்னிக்கு மட்டும் விட்டுருங்க."

போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கக் கச்சேரி என்று ஒரு நாள் சேதி வந்தது. சினிமாப் பாட்டு கிடையாதாம். அவரவர் சொந்தமாகக் கட்டிய பாட்டு மட்டும்தானாம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாத பெண். வீட்டை விட்டால் கிட்டங்கி, கிட்டங்கியை விட்டால் வீடு. போயே தீர வேண்டும் என்று மனசு அரிக்கத் தொடங்கியது. நான்கு நாள் அக்காவை நச்சரித்தேன்.

"ஏத்தா, சினிமாப் பாட்டு இல்லாம என்னத்தப் பாடப் போறாய்ங்க?"

"அதக் கேக்கத்தானக்கா போகணுங்கிறேன்."

"ஒங்கம்மா?"

"கிட்டங்கில சோலி இருக்குன்னு சொல்லிக்கிறேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அஞ்சு மணிக்குள்ள வெரசாத் திரும்பிரணும்."

எட்டுப் பேர் போக வேண்டிய ஜீப்பில் பதினெட்டுப் பேர். மூன்றாவது வளைவில் எனக்குக் குமட்டியது. ஏழாவது வளைவில் எதிரே இருந்தவரின் புதுவேட்டி பாழானது. மன்னிப்புக் கேட்கக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. எனக்காக அக்காதான் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த மனிதரிடமே எனக்கு ஓர் எலுமிச்சம்பழமும் வாங்கிக் கொடுத்தார்.

மேலே ஒரு சரிவுதான் மைதானம். பலகை மேடை, இரண்டு மரங்களில் குழாய் ஸ்பீக்கர், இருமிக்கொண்டே ஓடும் ஜெனரேட்டர். முதலில் தோட்டத்துப் பெண்கள் ஆறு பேர் மழையில் காய் எடுப்பதைப் பற்றிப் பாடினார்கள். தாளத்துக்குக் கைதட்டல் மட்டுந்தான். இதைக் கேட்காமலே செத்திருப்பேனே என்று நினைத்துக் குனிந்தால், காலில் அட்டை ஒன்று என் ரத்தத்தைக் குடித்துக் கொழுத்துக் கிடந்தது.

மதியம் மூடுபனி இறங்கியது. மேடை காணாமல் போய்ப் பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்புறம் தூறல். மைக்கும் செத்தது. "மைக்கு இப்ப சரியாகும், எல்லாரும் க்ஷமிக்கணும்!" என்று பனிக்குள்ளிருந்து யாரோ மலையாளம் கலந்த தமிழில் கத்தினார். கடைசி ஜீப் மூன்று மணிக்கு. நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன்.

பனி கொஞ்சம் விலகிய அந்த நேரத்தில் ராசிங்காபுரத்து மோட்டார் மெக்கானிக் ஒருவன் மேடையேறினான். ஊரில் நிற்காத பஸ்ஸைப் பற்றிச் சொந்தமாகக் கட்டிய பாட்டு.

'கையக் காட்டி நிக்கிறேன்,
காத்த மட்டும் ஏத்திக்கிட்டுப் போகுதே பஸ்சு.'

மைக் இல்லாமல் குரல் நடுங்கியது. "எறங்குடா!" என்று விசில் பறந்தது. பாதிப் பாட்டை விழுங்கிவிட்டு, அவன் படியில் கால் வைத்தான்.

"ஒன்ஸ்மோர்!"

கூட்டம் கப்பென்று அடங்கியது. அவன் திரும்பிப் போய் முதலிலிருந்து பாடினான். முன்னைவிட மோசம்.

"ஒன்ஸ்மோர்!"

கீழே ஜீப் ஹார்ன் அடித்தது. நான் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, ஜீப்பு!"

"இருத்தா!"

மூன்றாவது முறை பாடும்போது மைக்குக்கு உயிர் வந்தது. அவன் குரல் இரண்டு மரத்திலிருந்தும் இறங்கியது. விசிலடித்தவர்களே தாளம் தட்டினார்கள். ஜீப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, பாட்டுக்கா ஜீப்புக்கா என்று தெரியவில்லை.

பாட்டுக்காரர்களின் வேனில்தான் இறங்கினோம். மெக்கானிக் பின்சீட்டுக்குத் தவழ்ந்து வந்து, "அக்கா, எம்பாட்டு அம்புட்டா புடிச்சுப்போச்சு?" என்றான்.

"எனக்கு எங்கப்பு கேட்டுச்சு? மொத ரெண்டு தடவையும் ஒரு எழவும் கேக்கல. அதேன் மறுக்காப் பாடச் சொன்னேன்."

அவன் முகம் தொங்கியது. அக்கா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "மூணாவதுதேன் கேட்டுச்சு. நல்லா இருந்துச்சு. ஊரு வர்றவரைக்கும் பாடிட்டு வா."

போடி பஸ் நிலையத்தில் அம்மா நின்றிருந்தாள். மதியம் கிட்டங்கிக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறாள்; கதவு பூட்டிக் கிடந்திருக்கிறது. நான் மலையேறியதை யாரோ சொல்ல, இங்கே வந்து காத்திருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் போய் நின்றார்.

"மதினி, நாந்தேன் வம்படியா இழுத்துட்டுப் போனேன். அது வரமாட்டேன்னுதேன் சொல்லுச்சு."

அம்மா அத்தனை பேர் நடுவிலும் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டாள். ஒரு மைதானத்தையே அடக்கிய அந்தக் குரல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரச் சேலையோடு தலையைக் குனிந்து நின்றது.

மறுநாள், அம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போவதாகச் சொன்னேன். அக்கா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னையத் திட்டுனா ஒங்கம்மாவுக்கு ஆறிரும். ஒன்னையத் திட்டுனா சோலிய விட்டு நிப்பாட்டிருவா. சும்மா கெட."

அந்த வேலையில் இன்னும் ஆறு வருஷம் இருந்தேன். அம்மா கடைசிவரை அக்காவோடு பேசவில்லை. நான் மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி, அம்மா சுட்ட அதிரசத்தில் நான்கைத் திருடிக்கொண்டு போய் அக்காவிடம் கொடுப்பேன். யார் சுட்டது என்று அவர் கேட்டதே இல்லை. நான்கையும் அவர் மெதுவாகத் தின்று முடிக்கும்வரை, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.