நம்ம வம்சத்துலயே கிடையாது

ஆறு மாதத்தில் இது மூன்றாவது தடவை. பஸ் ஓட்டுவதால் வீட்டில் டிரைவரம்மா என்று கேலிப்பெயர் வாங்கியிருந்தவள், டாக்டரின் எதிரே நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க அம்மாவுக்கோ அக்காவுக்கோ இப்படி அடிக்கடி நீர்க்கடுப்பு வந்திருக்கா? வந்திருந்தா உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். கேட்டுட்டு வாங்க."

அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. எல்லாம் அந்த ஸ்டீயரிங்கால் வந்த வினை, வேலையை விட்டுத் தொலை என்று அம்மா ஒரு மாதமாக நச்சரிக்கிறாள். டிரைவரம்மாவுக்கோ அந்த பஸ் என்றால் உயிர். பரம்பரையில் இன்னும் ஒருத்திக்கு இருந்தால் போதும், வேலை தப்பிக்கும்.

"நம்ம வம்சத்துலயே கிடையாது," என்று அம்மா அடித்துச் சொன்னாள்.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"எனக்கா? சேச்சே. பக்கத்துல மாமியார் இருக்காங்க, வை போனை."

மிச்சமிருந்தது குடும்ப வாட்ஸப் குழு. அதில் ஆண்களும் இருக்கிறார்களே என்று கூச்சப்பட்டு, நாசூக்காக ஒரு வரி தட்டினாள்: "நம்ம சொந்தத்துல யாருக்காவது கிட்னி தொந்தரவு உண்டா? டாக்டர் கேக்கறாங்க."

நாசூக்கு காலை வாரிவிட்டது. ஐந்தாவது நிமிடம் மாமா தன் ரத்த வகையை அனுப்பினார். பெரியப்பா, "என்கிட்ட ரெண்டு இருக்கு, எனக்கு ஒண்ணு போதும்," என்று எழுதினார். சித்தி அழுதுகொண்டே வந்து இறங்கினாள். பின்னாலேயே அக்கா, ஆஸ்பத்திரியில் தங்குவதற்கென்று துணிமணிப் பெட்டியோடு வந்தாள்.

"ஐயோ, கிட்னி நல்லாத்தான் இருக்கு. வெறும் நீர்க்கடுப்பு. உங்க யாருக்காவது..."

"எனக்கு இல்ல," என்றாள் சித்தி.

"எனக்குச் சுத்தமா இல்ல," என்றாள் அக்கா, அதைவிட வேகமாக.

"பாத்தியா, பஸ்ஸேதான்," என்றாள் அம்மா.

மூவரும் கூடிப் பேசித் தீர்ப்பையும் எழுதிவிட்டார்கள். அம்மா தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். சித்தி ராஜினாமா வாசகம் சொல்ல, அக்கா எழுத்துப்பிழை பார்த்தாள். 'உடல்நிலை காரணமாக' என்பது வரை எழுதியபோது டிரைவரம்மாவுக்குக் கண்ணீர் மறைத்தது. நாளைக் காலை தன் பஸ்ஸை வேறு யாரோ எடுப்பார்கள் என்று நினைக்கவே பேனா நகரவில்லை.

ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா அதை மடித்து வைத்தார். அந்த வீட்டில் அவர் வாயைத் திறப்பது அபூர்வம்.

"அதைக் கிழிச்சுப் போடும்மா, இவங்க மூணு பேரும் ஒருத்திக்குத் தெரியாம ஒருத்தி என்னைத்தான் நீர்க்கடுப்பு மாத்திரை வாங்க அனுப்பறாங்க, மருந்துக்கடைக்காரர் எல்லாம் எனக்குத்தான்னு நினைச்சு பத்து வருஷமா என்னை ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்லிக் கெஞ்சிட்டிருக்கார்."