அடைப்பெடுக்கும் வாயை அடைக்காமல் விட்டது குறித்து

பெருமதிப்பிற்குரிய மூத்த சகலை அவர்களுக்கு,

உங்கள் இளைய சகலை பணிவுடனும், இந்த முறை கொஞ்சம் தலை நிமிர்ந்தும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் கொழுந்தியாளும் மகளும் சுகம். வீட்டின் அடித்தள அறையில் நான் பூட்டிய சிங்க்கும் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் பாதகமில்லை, இங்கே வந்து குனிந்து செய்யவேண்டிய வேலை எதுவும் இனி உங்களுக்கு இல்லை.

அடித்தளத்தில் சிங்க் பூட்டப்போகிறேன் என்று மாமனார் வீட்டில் சாப்பிடும்போது நான் சொன்னதற்கு, அத்தனை பேர் நடுவில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "தம்பி, அந்த அடைப்பெடுக்கிற வாயில மட்டும் கைய வெச்சிராதீங்க, தெருச் சாக்கடையே வீட்டுக்குள்ள வந்துரும், நானே ஒருநாள் வந்து செஞ்சு தர்றேன்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், மாமனார் புரையேறச் சிரித்தார். உங்கள் கொழுந்தியாளோ அடித்தளத்தில் துணிக்குச் சாயம் ஏற்றித் தொழில் நடத்துகிறவள், சாயத் தண்ணீரை வாளி வாளியாகப் படியேறிச் சுமந்துவந்து சமையலறையில் கொட்டுகிறவள். முழங்கால் வீங்கிப்போய் ஒருநாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இந்த வாரத்துக்குள்ள முடியலைன்னா அத்தானைத்தான் கூப்பிடுவேன்" என்றாள். என் வீட்டுக் குழாய்க்கு இன்னொரு ஆளா? அன்றைக்கே கடைக்குப் போய்விட்டேன்.

மாடியிலிருந்து இறங்கும் பெரிய கழிவுநீர்க் குழாயின் அடியில், மூடி போட்ட அந்த வாய் இருக்கிறதே, மூடியைக் கழற்றிவிட்டு சிங்க் குழாயை அதிலேயே செருகிவிடலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். "செருகிட்டா, நாளைக்கு அடைச்சுக்கிட்டா அடைப்பெடுக்கிற கம்பிய எது வழியா விடுவீங்க?" என்று உங்கள் கொழுந்தியாள் கேட்டாள். அவள் கேட்ட அதே நொடியில் நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆகவே இரண்டு கிளை உள்ள இணைப்பு ஒன்று வாங்கினேன், ஒரு கிளை சிங்க்குக்கு, நேர்க்கிளை மூடிக்கு. முதல் இணைப்பைப் பசை தடவி ஒட்டியபோது மூடிக்கிளை சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டது, திறக்க வேண்டுமானால் சுவரை இடிக்க வேண்டும், அறுத்துப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கினேன், அது அளவு சிறியது, மூன்றாவதுக்குப் போனபோது கடைக்காரர் "சார், ஓட்டல் ஏதும் கட்டுறீங்களா?" என்று மரியாதையாகத்தான் விசாரித்தார். மூன்றாவது கச்சிதம். ஒரு வாளித் தண்ணீரை சிங்க்கில் கவிழ்த்தேன். கடகடவென்று ஒரே மூச்சில் போயிற்று. அடியில் விரித்த செய்தித்தாள் காய்ந்தது காய்ந்தபடி கிடந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். "பாருங்க, கம்பி விடுற வழி அப்படியே இருக்கு" என்று மூடியைத் திருகித் திறந்தேனா, அந்த நேரம் பார்த்து மாடியில் மகள் குளித்துவிட்டுத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அவ்வளவும் அந்த வாய் வழியாக அவருடைய கால்சட்டையில் வந்து இறங்கியது. அவர் கால்சட்டையைப் பிழிந்துகொண்டே வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் காட்ட என்ன இருக்கிறது, வழி எவ்வளவு தாராளமாக இருக்கிறது என்பதைத்தான் கண்ணால் பார்த்துவிட்டாரே. தவிர, நீங்கள் சொன்னதுபோல் தெருச் சாக்கடை வீட்டுக்குள் வரவில்லை, வந்தது எங்கள் சொந்தக் குளியலறைத் தண்ணீர் மட்டும்தான். அடுத்தமுறை குடும்பம் கூடும்போது, இளைய சகலை கெட்டிக்காரர் என்று மாமனார் காதில் விழும்படி நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பெரிதாக ஒன்றும் வேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டில் எந்தக் குழாயும் அடைத்துக்கொள்ளாமல் நீங்கள் நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
எவர் துணையும் தேவைப்படாத
உங்கள் இளைய சகலை

பின்குறிப்பு: உறையில் போடப் போகிற நேரத்தில், உங்கள் கொழுந்தியாள் முதல்முறையாகச் சாயத் துணியோடு சிங்க் முன்னால் வந்து நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். "ஏங்க, இதுக்குத் தண்ணி எங்கேர்ந்து வரும்?" என்றாள். தண்ணீர் போகிற வழியையே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, வருகிற வழியை நினைக்கவில்லை. அடித்தளத்தில் தண்ணீர் வருகிற குழாயே இல்லை. அவள் திட்டவில்லை. "பரவால்ல, முன்ன ஏறும்போதும் சுமந்தேன், இறங்கும்போதும் சுமந்தேன், இனி இறங்கும்போது மட்டும்தானே" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்கு நொண்டி நொண்டி ஏறினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவு எழுதிய கடிதத்தைக் கிழிக்க மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து வாருங்கள். யாராவது கேட்டால், என் வேலையைப் பார்த்துப்போக வந்ததாகச் சொல்லுங்கள். ஸ்பானர் மட்டும் பைக்குள் இருக்கட்டும்.