மாமனார் வெளிச்சத்தில் பிடித்த பத்திரிகை

புதிதாக ஒரு கைத்தொழில் கற்றுக்கொண்ட பெண்ணை, கொஞ்ச நாளைக்கு அவள் கல்யாண வேலையின் பக்கமே விடக் கூடாது. என்னை விட்டுவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அடி அண்ணாமலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். எங்கேயோ பயிற்சிக்குப் போய்வந்த ஜோரில், பழைய காகிதத்தைப் புதுக் காகிதமாக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காகிதத்துக்கா பஞ்சம்? பௌர்ணமி முடிந்தால் கிரிவலப் பாதை முழுக்க நோட்டீஸ், சுவரெல்லாம் போஸ்டர். பிள்ளைகள் பொறுக்கியும் உரித்தும் கொண்டுவருவார்கள். ஊறவைத்து அரைத்து, கூழைத் தண்ணீரில் கலக்கி, வலைச்சட்டத்தில் அள்ளித் துணியில் கவிழ்த்தால் ஈரத்தாள் தயார். (வலைக்கு எங்கள் வீட்டுக் கொசுவலையைத்தான் வெட்டினேன். தம்பி பல நாள் என்னோடு பேசவில்லை.)

அப்போதுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு என்னைப் பிடித்திருந்தது. அவர் அம்மாவுக்குத்தான் அரைமனசு. பூனை குறுக்கே போனால் ஏறிய பஸ்ஸிலிருந்தே இறங்கிவிடுகிறவர். அவரை அசத்திவிடலாம் என்று, நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் பிள்ளைகள் செய்த காகிதத்தில் நானே பத்திரிகை எழுதுவதாக அறிவித்தேன். அப்பா வேண்டாம் என்றார். கேட்டால்தானே?

தாள் துவண்டு துவண்டு விழுந்தது. உடனே என் விஞ்ஞானி மூளை விழித்துக்கொண்டது. இரண்டு ஈரத்தாளுக்கு நடுவே ஒரு போஸ்டர் துண்டை வைத்து அழுத்தினால் அட்டை மாதிரி நிற்குமே!

"மிஸ், இதுல எழுத்து இருக்குதே?" என்றாள் ஐந்தாம் வகுப்பு செல்வி.

"உள்ள போறத யாருடி பாக்கப்போறாங்க? வெச்சு அழுத்து."

காய்ந்ததும் அட்டை கம்பீரமாக நின்றது. நானும் அப்படியேதான் நின்றேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா, அம்மா வந்தார்கள். என் அப்பா தாம்பூலத் தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டினார். மாமனாருக்கு மல்லாட்டை (நிலக்கடலை) வியாபாரம். கைக்கு வரும் நூறு ரூபாய் நோட்டையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பழக்கம். அந்தப் பழக்கதோஷத்தில் இதையும் ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார்.

மணமக்கள் பெயருக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் தெரிந்தது: "கண்ணீர் அஞ்ச". ('லி' மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. அதனால் யாருக்கும் ஆறுதல் கிடைக்கவில்லை.)

அவர் அதை வாய்விட்டே படித்துவிட்டார். மாமியாராகப் போகிற அத்தை சடாரென்று எழுந்தார். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"இன்னும் எத்தினி இருக்குது? எல்லாத்தியும் எடுத்துனு வாம்மா" என்றார் அத்தை.

கொண்டுவந்து கொடுத்தேன். அவரே ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்தார். இரண்டாவதில் "மூலம், பௌத்திரம்". மூன்றாவதில் "இன்றே கடைசி". அத்தையின் உதடு துடித்தது. கோபம் என்று நினைத்து நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். நான்காவதில் "காணவில்லை".

அவ்வளவுதான். அத்தை அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இது ஒன்னுதான் நெஜம். இனிமே எம்புள்ள எங்கண்ணுல பட்டாதானே? அழாத கண்ணு. பத்திரிகைய மட்டும் பிரஸ்ல குடுத்துடலாம்."

அந்த நிமிஷமே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு யார் பத்திரிகை கொண்டுவந்தாலும் அத்தை அதை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். நிதானமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர்களுக்குத் தைரியம் சொல்வார்:

"பயப்படாதீங்க. எங்க மருமவ செஞ்சது இல்ல."