ஒரு கால் சிவப்பு, ஒரு கால் கறுப்பு

உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு இரண்டு உடுப்பு. ஒன்று உப்புக்கு, மற்றது ஊருக்கு. ஊருக்கு உடுக்கிற விஷயத்தில் எனக்குப் பெருமை எப்போதும் கொஞ்சம் கூட. அந்தப் பெருமைதான் ஒரு நாள் என்னைக் களிசானோடு நடுரோட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

முதலில் உப்புக்குப் போடுகிறதைச் சொல்கிறேன். மௌத்தாகி என்னை விதவையாக்கிவிட்டுப் போன என் புருஷனின் களிசான் என்கிற முழுக் காற்சட்டை, இடுப்பில் கயிறு. அவருடைய நீளக் கைச் சட்டை. காலுக்கு மேஸ் என்கிற காலுறை; அது இல்லாவிட்டால் விரலிடுக்கை உப்புத் தின்றுவிடும். சோடி சேர்ந்த மேஸ் எங்கள் யாரிடமும் கிடையாது. எனக்கு ஒரு கால் சிவப்பு, ஒரு கால் கறுப்பு. தலையில் துவாய், அதற்கு மேலே ஓலைத் தொப்பி. உப்பில் பட்ட வெயில் திரும்பி முகத்தில் அடிக்கும் என்பதால் துவாயைக் கண்ணுக்குக் கீழேயும் இழுத்துக் கட்டுவோம். அப்படி நின்றால் பெற்ற பிள்ளைக்கும் அடையாளம் தெரியாது.

இவ்வளவுக்கும் மேலே, வீட்டிலிருந்து புறப்படும்போது, ஒரு கறுப்பு ஹபாயா. கழுத்திலிருந்து தரை வரைக்கும். கையில் ஒரு பேக்கையும் பிடித்து நடந்தால் அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கிறவள் மாதிரி இருப்பேன். (கண்ணாடியில் பார்த்து எனக்கு நானே ஸலாம் சொல்ல நினைத்த நாளும் உண்டு.)

இந்த வேஷத்துக்குக் காரணம் இருந்தது. சண்டை முடிந்து ஊர் திரும்பலாம் என்றானபோது, தொண்ணூறில் எங்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களில் சிலர் போனார்கள். நான் போகவில்லை. என் மகள் நஸ்ராவை இந்தப் பக்கத்திலேயே கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தேன். முதலில் வந்த சம்பந்தம், "உம்மாக்காரி களிசான் போட்டு உப்பளத்துல நிக்கிறாவாம்" என்ற ஒரு கதையோடு முறிந்தது. நஸ்ரா அழவில்லை. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஆகவே இரண்டாவதாக வண்ணாத்திவில்லிலிருந்து சம்பந்தம் வந்தபோது, "நான் உப்புக் கொம்பனியில ஒபிஸ் வேல" என்று தரகரிடம் சொல்லிவிட்டேன். (என் பெயரை எழுதி முடிக்கவே எனக்கு மூச்சு வாங்கும்.) இதுவும் முறிந்தால் மூன்றாவது வராது என்பது எனக்குத் தெரியும்.

பெண் பார்க்க அவர்கள் அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாக ஏற்பாடு. நான் மத்தியானம் ளுஹர் தொழுகை நேரத்தோடு வேலையை விட்டுவிட்டு, ஹபாயாவை எடுக்கக் காவல் கொட்டிலுக்கு ஓடினேன். என் ஆணியில் ஒன்றும் இல்லை. பக்கத்து ஆணியில் வேறொரு ஹபாயா தொங்கியது. அன்று வேலைக்கு வந்த ஹபாயாக்காரிகள் நானும் பௌசியாவும்தான்.

கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்த சிங்களப் பெண் குசுமா, "அனே அக்கா, பௌசியாட அம்மாக்கு சொகமில்ல நே. ஓடிப் போனா. உங்கட உடுப்பப் போட்டுட்டு போயிருக்கா போல" என்றாள்.

பௌசியா ஈர்க்குப் போல இருப்பாள். நான் அப்படியில்லை. (எப்படி என்று சொல்லத் தேவையில்லை.) அவளுடைய ஹபாயாவுக்குள் ஒரு கையை நுழைத்தேன். தலையை நுழைத்தேன். மற்றக் கை உள்ளே வரவில்லை. போன கை வெளியே வரவில்லை. குசுமா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்து, இறால் கோதைக் கழற்றுவது போல என்னைக் கழற்றி எடுத்தாள்.

"பொழுது படுற வரைக்கும் இருந்துட்டுப் போங்க அக்கா."

"அதுக்குள்ள அவங்க வந்து போயிருவாங்க. என்ட புள்ளைய ஆரு காட்டுற?"

கணக்காக யோசித்தேன். ஸ்கார்ப் கட்டினால், களிசான் போட்ட பெண். துவாயையும் தொப்பியையும் கழற்றாமல் போனால், யாரோ ஒரு உப்பள ஆம்பிளை. ஆம்பிளையை ஊர் ஏன் திரும்பிப் பார்க்கப் போகிறது? இந்தப் புத்தியை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை பள்ளிவாசல் வரைக்கும்தான் வந்தது. தொழுதுவிட்டு ஆட்கள் வெளியே வருகிற நேரம். ஒருவர் என்னைப் பார்த்து ஸலாம் சொன்னார். பதில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கையை மட்டும் உயர்த்தினேன்.  இடுப்புக் கயிறு இளகுவது போல இருந்தது. கயிறு அவிழ்ந்தால் அங்கேயே என் உயிரும் போய்விட வேண்டும் என்று துஆக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

எங்கள் சந்தி தெரிந்தது. பின்னால் ஹோர்ன் சத்தம். ஒரு வேன் வந்து என் பக்கத்தில் நின்றது.

"காக்கா, உப்பு ஒபிஸ்ல வேல செய்ற மரியம்பீவிட ஊடு எங்கால?"

காக்கா என்று டிரைவர் அண்ணன் முறை வைத்துக் கேட்டது என்னைத்தான். மரியம்பீவியும் நான். அஸர் என்றவர்கள் இப்போதே வந்துவிட்டார்கள்! பின் ஆசனத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பருத்த பெண், என்னைத் தொப்பியிலிருந்து கால் வரைக்கும் ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் உம்மா.  என் வீடு இடது பக்கம். என் கை என்னைக் கேட்காமலே எழும்பி வலது பக்கத்தைக் காட்டியது.

"வாய் பேச மாட்டார் போல. பாவம்" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் வேனைத் திருப்பினான்.

வலது பக்க ரோட்டில் வீடு கிடையாது. அது களப்பு ஓரத்தில் கருவாடு காயப்போடுகிற வாடியில் போய் முடியும்.

நான் ஓடினேன். வீட்டுக்குள் ஒரு ஆம்பிளை பாய்ந்து வருவதைக் கண்டு நஸ்ரா அகப்பையைத் தூக்கிவிட்டாள். "நான்தான்டி!" என்று துவாயை இறக்கினேன். குளிக்க நேரமில்லை. களிசானைக் கழற்றி, சாரியைச் சுற்றி, முகத்தைக் கழுவி, அரைப் போத்தல் அத்தரைக் கழுத்தில் கவிழ்க்கிறேன், வேன் வாசலில் நிற்கிறது.

வந்தவர்கள் எல்லோரிலும் கருவாட்டு மணம். டிரைவரின் காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது. மற்றது வாடிச் சேற்றில்.

"ஒரு ஊமைக் காக்காட கைய நம்பிப் போனம்" என்றார் மாப்பிள்ளையின் உம்மா, கதிரையில் இருந்தபடி. "கருவாட்டுக்கு நடுவுல வேன் பொதஞ்சு போச்சு."

"அப்படியும் மனிசர் இருக்காங்களே!" (இதை நான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.)

"ஒபிஸ்ல உங்களுக்கு என்ன வேல?"

"எழுத்து வேல."

சொல்லிக்கொண்டே வட்டிலாப்பம் என்கிற இனிப்பை வைத்த தட்டோடு உள்வாசல் படியைக் கடந்தேன். கடக்கும்போது சாரியைக் கொஞ்சம் தூக்கினேன். அவருடைய கண் என் காலில் விழுந்தது. அங்கேயே நின்றது.

"அந்தக் காக்காட காலும் இப்படித்தான்" என்றார் மெதுவாக. "ஒண்டு செவப்பு. ஒண்டு கறுப்பு."

அத்தனை தலையும் குனிந்து என் காலைப் பார்த்தது. நானும் பார்த்தேன். மேஸைக் கழற்ற மறந்திருந்தேன். திரைக்குப் பின்னால் நஸ்ராவின் வளையல் சத்தம் நின்றுபோனது.  தட்டில் கரண்டிகள் கிணுகிணுத்தன.

சொல்ல இனி ஒரு பொய்யும் மிச்சமில்லை.

"ஓம், அது நான்தான். உப்பளத்துல கூலி வேல. எழுத்து என்ட பேருக்கு மேல தெரியாது. பொய் சொன்னது நான், என்ட புள்ள இல்ல. அவள இந்த மேஸப் போட்டுத்தான் வளத்தன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையால் துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டு என் காலைப் பார்த்தார்.

"அப்ப நீங்க ஊமை இல்ல."

"இல்ல."

"ஊமைச் சம்பந்தி எண்டா எனக்கு எவ்வளவு லேசு" என்றவர், வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். அவர் குலுங்கக் குலுங்க வீடு முழுக்கக் கருவாட்டு மணம் பரவியது. "புள்ளையக் கூப்பிடுங்க. இந்த ஊட்டுல ஆராவது ஒராள் நேர் வழி காட்டுவாங்களா எண்டு பாப்பம்."

நஸ்ரா வந்தாள். கையில் இன்னும் அந்த அகப்பை.

கலியாணம் நடந்தது. அதற்குப் பிறகும் நான் ஹபாயா போட்டுத்தான் வேலைக்குப் போனேன். மாறிப் போகாமல் இருக்க அதன் கழுத்தில் சிவப்பு நூலால் ஒரு அடையாளத் தையல். எழுத்து வேலை என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மருமகன் தங்கமான பிள்ளை. இன்றைக்கும் என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு சந்தியிலும் வண்டியை நிறுத்தி, "காக்கா, எங்கால?" என்று கேட்பார். நான் கையைக் காட்டுவேன். அவர் மற்றப் பக்கம் திருப்புவார்.