ஐந்தே நிமிஷத்தில் ஜாம் பன்

ஐந்தே நிமிஷக்காரரைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த இனம் ஆண்களிலும் உண்டு, பெண்களிலும் உண்டு. இந்த வியாதி எந்த வயதிலும் பிடிக்கும், மருந்து கிடையாது. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்வது என் தொழில். முப்பத்தொரு வருஷமாக அடுத்தவர் வீட்டுச் சமையலறைகளைப் பார்த்த தகுதியில் சொல்கிறேன்: இவர் அங்கேதான் செழித்து வளர்கிறார், அதுவும் காலை வேளையில், அதுவும் வீட்டில் யாராவது அவசரமாகக் கிளம்பும் நாளில்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கையில் ஒரு மாவு பாக்கெட் இருக்கும். உப்பு, சர்க்கரை, பேக்கிங் பவுடர் எல்லாம் கம்பெனிக்காரனே கலந்து அடைத்த மாவு. பாலை ஊற்றிப் பிசைந்து, தேய்த்து, நடுவில் ஜாம் வைத்து மடித்து ஓவனில் தள்ளினால் ஜாம் பன் தயார் என்று பின்பக்கம் படம் போட்டிருக்கும். படத்தில் மொத்தம் நான்கு கட்டம். நான்கு கட்டத்தைப் பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதுதான் அவர் கணக்கு.

அவருடைய கடிகாரமே தனி. கத்தரிக்கோலைத் தேடுவது நேரத்தில் சேராது. அது கிடைக்காமல் பாக்கெட்டைப் பல்லால் கடித்து, அது தாறுமாறாகக் கிழிந்து, பாதி மாவு மேடையிலும் கொஞ்சம் சட்டையிலும் கொட்டி, மிச்சத்துக்கு எவ்வளவு பால் என்று மறுபடி படிக்க மூக்குக்கண்ணாடியைத் தேடி, அதை மாவுக் கையாலேயே துடைத்து, முன்பைவிட மங்கலாகத் தெரிகிறதே என்று ஜன்னல் பக்கம் போய் நின்று படிக்கிற நேரமும் சேராது. ஓவன் சூடாவது ஓவனின் நேரம். பன் வேகிறது பன்னின் நேரம். பாத்திரம் கழுவுவது அடுத்தவர் நேரம். ஜாமை வைத்து மடிக்கிறாரே, அது மட்டும்தான் அவர் நேரம். அது ஐந்து நிமிஷம்தான். நானே பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் நான் இருந்த வீட்டில் இப்படி ஒருவர். அச்சகத்தில் வேலை, தங்கமான மனுஷன். அவருடைய அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார், அவருக்காகத்தான் நான். மனைவி பதினோரு வருஷமாக ஒரு மருந்துக்கடைக் கவுன்டரில் நிற்பவள். கடையின் புதுக் கிளைக்குப் பொறுப்பாளர் தேவை என்று ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு நேர்முகத் தேர்வு வைத்தார்கள். பஸ்ஸை விட்டால் அடுத்தது நாற்பது நிமிஷம் கழித்துத்தான். பதவியும் அதோடு போய்விடும்.

ஏழு மணிக்கு அவள் இரண்டு துண்டு ரொட்டியை எடுத்தாள்.

“வை அதை! இன்னைக்குப் போய்க் காஞ்ச ரொட்டியா? வயிறு நிறைஞ்சாத்தான் வாயில பதில் வரும். அஞ்சே நிமிஷம், ஜாம் பன் பண்றேன்.”

உள் அறையிலிருந்து பெரியவர் குரல் வந்தது. “டேய், போன தடவை நீ அஞ்சு நிமிஷம்னு ஆரம்பிச்சப்போ எனக்கு ரெண்டு காலும் நல்லா இருந்துது.”

“அப்பா, நீங்க பேசாமப் படுங்க.”

“படுத்துத்தான்டா இருக்கேன்!”

ஏழேகாலுக்கு “ஆச்சா?” என்று கேட்டேன். “அஞ்சே நிமிஷம் சிஸ்டர்.” ஏழரைக்குக் கேட்டேன். அதே ஐந்து, ஒன்றுகூடக் குறையவில்லை. தேய்க்கிற கட்டை எங்கே என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை உருட்டி மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாக்கெட்டில் ஒரு தேக்கரண்டி ஜாம் என்று போட்டிருந்தால் இவர் மூன்று வைப்பார். “ஆசையாப் பண்றதுல என்ன கஞ்சத்தனம்?” அந்த ஆசை சூட்டில் பொங்கி, மடிப்பைப் பிளந்து, தட்டில் வழிந்து கருகும். அதைச் சுரண்டுகிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஏழே முக்காலுக்கு அவர் முகம் வெளுத்துவிட்டது. “ஐயையோ, அவ பஸ்!” என்று ஓவன் கதவைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். திறக்கத் திறக்கச் சூடு வெளியே போனது.

எனக்கே பொறுக்கவில்லை. அறைக்குள் போனால் அவள் நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள்.

“என்னம்மா இது, பஸ் போயிருக்குமே!”

“மெதுவாப் பேசுங்க சிஸ்டர். பஸ் எட்டு பத்துக்கு. அவர்கிட்ட ஏழே முக்கால்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“எத்தனை நாளா?”

“கல்யாணம் ஆன ரெண்டாவது வாரத்துலேருந்து.”

ஐந்தே நிமிஷக்காரரோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இப்படி ஒரு தற்காப்பு தானாகவே வந்துவிடுகிறது. ஆனால் அன்றைக்கு அதுவும் போதவில்லை. எட்டு மணிக்குத் தட்டு வெளியே வந்தது. பன்னிரண்டு பன், எல்லாவற்றிலும் ஜாம் கொதிக்கிறது. கொதிக்கிற ஜாம் கொதிதண்ணீரைவிட மோசம். பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு சுடும். நேர்முகத் தேர்வுக்கு மற்றது எது இல்லாவிட்டாலும் நாக்கு வேண்டும். அவள் எடுத்ததைக் கீழே வைத்தாள்.

“ஆறட்டும், ஆறட்டும். இவ்வளவு நேரம் வராத பஸ்ஸா இப்ப வந்துடப் போகுது? ஒரு அஞ்சு நிமிஷம்.”

வாசல் கதவை மறித்து நின்றுகொண்டு, செய்தித்தாளால் தட்டுக்கு விசிறினார். மூக்கு நுனியில் மாவு, கண்ணில் அப்படியொரு ஆசை. இந்த முகத்தைத் தள்ளிவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்? அதுதான் இந்த இனத்தின் பலம். அவள் என்னைப் பார்க்கிறாள், நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். எட்டு மணி நாலு நிமிஷம்.

“ஐயோ! அம்மா! போச்சே!”

பெரியவர்தான். மகன் செய்தித்தாளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். நான் ஓடவில்லை. நிஜமாக வலிக்கிறவர்களுக்குக் கத்தப் பாதி மூச்சுதான் இருக்கும். இது தொண்டையைச் செருமிக்கொண்டு, நன்றாக மூச்சு வாங்கிக் கத்திய கத்தல். அவள் இரண்டு பன்னை டப்பாவில் போட்டாள், செருப்பைக் கையில் எடுத்தாள், போய்விட்டாள்.

“எங்கப்பா வலிக்குது?”

“தலகாணி சரிஞ்சு போச்சுடா. கொஞ்சம் ஏத்து. அவ போயிட்டாளா?”

“யாரு?”

“சிஸ்டர், போயிட்டாளா?”

“போயாச்சுங்க.”

“அப்ப சரி. டேய், எனக்கு ஒரு பன் கொண்டா. கருகாததாப் பாத்து.”

கருகாதது பத்தில் நான்கு இருந்தது. பொய் சொல்லக் கூடாது, ருசியாகவே இருந்தது. நானும் ஒன்று சாப்பிட்டேன். பிறகு தட்டைச் சுரண்ட உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம். அது என் நேரம்.

அவளுக்குப் பதவி கிடைத்தது. கேள்வி கேட்டவர்களுக்கு முன்னால் பதினோரு வருஷ அனுபவம் பேசியது என்று நீங்களும் நானும் நினைப்போம். அச்சகக்காரர் அப்படி நினைக்கவில்லை. இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம், “அன்னைக்கு மட்டும் அந்த பன் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்? பஸ்ஸும் அதிர்ஷ்டத்துக்கு லேட்டா வந்துது. நான் எடுத்துக்கிட்டது அஞ்சே நிமிஷம்!” என்கிறார். அவளும் தலையை ஆட்டுகிறாள். பஸ் நேரத்தை மட்டும் இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு, ஐந்தே நிமிஷம், ஒரே ஒரு பக்கம் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தானே இதைக் கையில் எடுத்தீர்கள்? கொஞ்சம் முகர்ந்து பாருங்கள்.