கார்புரேற்றருக்கும் ஒரு சாதகம்

பூமியில் இதுவரை சாதகம் எழுதப்பட்ட ஒரே கார்புரேற்றர் நீர்வேலியில், எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறது. மகர ராசி. ஏழரைச் சனி நடந்ததால் பெற்றோல் குடிக்க மறுத்தது. கணித்தவர் ஜீப்பர்.

வாழைத்தோட்டக்காரரான அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரோ வேலிக்கரையில் கைவிட்ட பழைய ஜீப் ஒன்றை வாங்கி, முற்றத்தில் நிறுத்திய அன்றே அந்தப் பெயர் உதிர்ந்துவிட்டது. நிறுத்தினார் என்பது மரியாதைக்குச் சொன்னது. உழவு இயந்திரப் பெட்டியில் அது துண்டு துண்டாக வந்து இறங்கியது.

பிறகு ஜீப் வீட்டுக்குள் குடிபுகுந்தது. கியர்ப்பெட்டி குசினியில், ரேடியேற்றர் கட்டிலின் கீழ். அவர் மனைவி சரசக்காவின் சோற்றுப்பானையில் பிஸ்ரன்கள் மண்ணெண்ணெயில் ஊறின. அந்த வீட்டுச் சம்பலைச் சாப்பிட்டுவிட்டு நெருப்புக்குச்சி கிழிக்க எனக்குப் பயமாக இருந்தது.

இதையெல்லாம் மன்னிக்கலாம். ஒரு நட்டை இறுக்குவதற்கும் பஞ்சாங்கம் பார்ப்பாரே, அதை என்ன செய்வது? அட்டமியில் ஸ்பானரைத் தொடமாட்டார்.

"அண்ணை, உந்தச் சில்லை இண்டைக்குப் பூட்டலாமே?" என்று ஒருநாள், கழற்றிக் கிடந்த சக்கரத்தைக் காட்டிக் கேட்டேன்.

"இண்டைக்குச் சந்திராட்டமம், தம்பி."

"உங்களுக்கோ?"

"சில்லுக்கு."

பிள்ளையார் கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் சும்மா கிடைத்தது. ஜீப்புக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தார். அதன்பிறகு எங்கள் ஒழுங்கையால் போன வெளியூர்ச் சனம் அவருடைய படலைக்கு முன்னால் செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனது. ஓர் அம்மா தேங்காயே உடைத்தார். சரசக்கா அதில் சம்பல் அரைத்தார்.

ஏறக்குறைய எல்லாம் பூட்டியாயிற்று. ஓடத்தான் இல்லை. சுபநேரம் பார்த்து ஒழுங்கையே திரண்டு தள்ளும். ஜீப் இருமும், துப்பும், கோயில் வாசலில் நின்று யோசிக்கும். திருப்பித் தள்ளிக்கொண்டு வருவோம். எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் சீனி வியாதி இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கடைசியில் சரசக்கா தீர்ப்புச் சொன்னார். "பொங்கல் பானை வைக்க எனக்கு முற்றம் வேணும். தைப்பொங்கலுக்கு முதல் உது தானாய் ஓட வேணும். இல்லாட்டி இரும்புக்காரனைக் கூப்பிட்டுக் குடுத்துப்போடுவன்."

பயந்துபோன மனிதர் இரவு பகலாக வேலை செய்வார் என்று நினைத்தோம். அவரோ கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"என்னண்ணை, சும்மா இருக்கிறியள்?"

"மார்கழியிலை ஆரும் நல்ல காரியம் தொடங்குவினமோ, தம்பி?"

பொங்கலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, பழைய இரும்பு வாங்குகிறவர் லொறியோடு வந்துவிட்டார். ஜீப்பர் ஸ்ரியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தார்.

"ஐயாவையும் சேத்து ஏத்திறதோ?" என்றார் இரும்புக்காரர்.

"ஏத்துங்கோ. நிறுவை கொஞ்சம் கூட நிக்கும்," என்றார் சரசக்கா. சொன்னாரே தவிர, ஜீப்பைப் பார்க்காமல் வேலியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

லொறிவரைக்கும் கொண்டுபோக நாங்களும் கைகொடுத்தோம். இத்தனை நாள் தள்ளிய எங்கள் கைகளுக்கு அன்று பலமே வரவில்லை. பாதி வழியில் ஜீப்பர், கடைசி ஆசையாக, கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார்.

ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கியது. பிறகு உறுமியது! வாழைத்தோட்டத்துக் கொக்குகள் அத்தனையும் வெள்ளைத் துணி உதறினாற்போல எழும்பின. நாங்கள் கூத்தாடினோம். இரும்புக்காரரும் எங்களோடு சேர்ந்து கைதட்டினார்.

ஜீப்பர் மணிக்கூட்டைப் பார்த்தார். திறப்பைத் திருகி எஞ்சினை நிறுத்தினார்.

"ஏனப்பா நிப்பாட்டினீங்கள்?" சரசக்கா கத்தினார்.

"ராகுகாலம், சரசு! முதல் ஓட்டம் ராகுகாலத்திலை ஓடினால் வண்டி உருப்படுமோ?"

இரும்புக்காரர் மெதுவாகக் கயிற்றை எடுத்தார். சரசக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன் சீற்றில் ஏறி உட்கார்ந்தார்.

"இஞ்சருங்கோ. எங்கடை கலியாணத்துக்கு ஐயர் பிந்தித்தான் வந்தவர். நீங்கள் எனக்குத் தாலி கட்டேக்கை ராகுகாலம் தொடங்கீட்டுது."

"பொய்!"

"நான் மணிக்கூட்டைப் பாத்தனான். நீங்கள் பாக்கேல்லை. நீங்கள் என்னைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

ஜீப்பர் மணிக்கூட்டைக் கழற்றி மடியில் செருகினார்.

"இத்தனை வருசம் ஓடேல்லையோ? திறப்பைத் திருகுங்கோ. தம்பியவை, தள்ளுங்கோ!"

தள்ளினோம். ஓடியது. கோயிலையும் தாண்டி ஓடியது. பிரேக் பூட்டுவதற்கு அவர் இன்னும் நல்லநாள் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. யாரோ ஒருவருடைய வாழைத்தோட்டத்துக்குள் புகுந்து, குலைகளுக்கு நடுவில் ஜீப் நின்றது. உள்ளேயிருந்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

இப்போது அவர்கள் மகளோடு இருக்கக் கனடா போயிருக்கிறார்கள். ஜீப் முற்றத்தில் தறப்பாள் போர்த்திக்கொண்டு நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ராகுகாலம் தொடங்கினால் நான் ஏனோ அந்தப் படலையடிக்குப் போய்விடுகிறேன், யாராவது தள்ளச் சொல்லிக் கூப்பிடுவார்களோ என்று.